சம்மனுக்குத் தள்ளுபடி

லண்டன் ஹாரோவில் இருக்கும் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய குரல் பதிவு ஏழு நிமிடம் ஓடியது. முப்பது மைல் சாலையில் முப்பத்தாறில் போய்க் கேமராவில் சிக்கியிருக்கிறார். நூறு பவுண்டு அபராதம் கட்டி உரிமத்தில் மூன்று புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஏறக்குறைய அதே பணத்தைக் கட்டி வேக விழிப்புணர்வு வகுப்பில் உட்காரலாம். வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். கணினிக்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்டி, கேமராவை அணைக்காமல், எழுந்து போகாமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். "அம்பத்திரண்டு வயசுல என்னைப் பெஞ்சுல உக்கார வச்சுட்டான்" என்பதுதான் ஏழு நிமிடத்தின் சாரம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில் இதைக் கேட்ட கும்பகோணத்துக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே வாரம் அவருக்கும் ஒரு சம்மன் வந்திருந்தது. ஈப்போவிலிருந்து திரும்பும்போது 110 என்று பலகை வைத்த நெடுஞ்சாலையில் 131. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் கைப்பேசியிலேயே பாதித் தொகையைக் கட்டி முடித்திருந்தார். "எங்க ஊர்ல வகுப்பும் இல்ல, வாத்தியாரும் இல்ல. பதினஞ்சு நாளுக்குள்ள கட்டினா பாதி விலை" என்று குழுவில் எழுதினார்.

கும்பகோணத்திலிருந்து தங்கை ஒரே வரியில் கேட்டாள்: "எதுண்ணா உங்க ஊரு?"

பதினான்கு வருடம் கோலாலம்பூரில் இருந்தவர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. ஆனால் 'பாதி விலை' என்று தானே எழுதியது அன்று இரவு முழுக்க உறுத்தியது. குற்றத்துக்குப் போய் யாராவது விலை சொல்வார்களா?

மலேசியாவில் சொல்வார்கள். சம்மனை இங்கே கத்தரிக்காய் போலத்தான் பேசுகிறார்கள்: இப்போது என்ன விலை, அடுத்த மாதம் இறங்குமா, மொத்தமாகக் கட்டினால் குறைப்பானா. மார்ச் 25 போலீஸ் தினம் வந்தால் தள்ளுபடி, ஆண்டுக் கடைசியில் தள்ளுபடி, கண்காட்சி நடந்தால் கூடாரம் போட்டுத் தள்ளுபடி என்றுதான் 2025 வரை ஓடியது. முகப்பிடத்தில் நீண்ட வரிசையைப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை துன் சம்பந்தன் சாலைத் துணிக்கடை தோற்றுப்போயிருக்கும். 2025 நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் பழைய சம்மன்களுக்கு 70 விழுக்காடு கழிவு கொடுத்தார்கள். இதுதான் கடைசி என்று சொல்லி, 2026 ஜனவரி 1 முதல் போலீசுக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் ஒரே கணக்கை வைத்தார் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக். பதினைந்து நாளுக்குள் கட்டினால் பாதி. முப்பது நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழியும். அறுபது நாள் வரை முழுத்தொகை. அதற்கப்புறம் நீதிமன்றம்.

நல்ல ஏற்பாடுதான். இழுத்தடிப்பவனுக்குக் கிடைத்த சலுகை இப்போது உடனே கட்டுபவனுக்குக் கிடைக்கிறது. ஆனால் இந்த நியாயம் வந்து சேர்வதற்குள் நம் கும்பகோணத்துக்காரர் பட்ட வயிற்றெரிச்சல் கொஞ்சமல்ல.

கதை 2012-இல் தொடங்குகிறது. அந்த செப்டம்பரில் ஏஇஎஸ் என்ற தானியங்கிக் கேமராக்கள் வந்தன. கொண்டுவந்தவை தனியார் நிறுவனங்கள் என்பதால் எதிர்ப்புக் கிளம்பியது. சம்மனைக் கட்டாமல் இருப்பதே ஒரு அரசியல் கொள்கை போல ஆனது. நம்மவர் அப்போது ஊருக்குப் புதிது. வேலை அனுமதி, விசா, வீட்டு ஒப்பந்தம் என்று எல்லாக் காகிதத்துக்கும் பயந்தவர். வீட்டுக்கு வந்த சம்மனை மறுநாளே கட்டிவிட்டு ரசீதை நெகிழி உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார். 2018-இல் ஆட்சி மாறியது. கட்டப்படாமல் கிடந்த சுமார் 31 லட்சம் ஏஇஎஸ் சம்மன்களைப் புதிய அரசாங்கம் ஒரேயடியாக ரத்து செய்தது. தொகை 435 மில்லியன் ரிங்கிட். கட்டியவர்களுக்கு? ரசீது இருக்கிறதே, போதாதா. அந்த நெகிழி உறை இன்றும் அவருடைய அலமாரியில் இருக்கிறது. மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் தூக்கிப் போடப் பார்க்கிறார், அவர் விடுவதில்லை.

பணத்தை விடுங்கள், புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 2017-இல் இந்தக் கேமராக்கள் ஆவாஸ் என்று பெயர் மாறியபோது கெஜாரா எனும் குற்றப் புள்ளி முறையும் கூடவே வந்தது. இருபது புள்ளி சேர்ந்தால் எச்சரிக்கை, மேலும் ஏறினால் உரிமம் முடக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அபராதத்தைக் கட்டினாலோ நீதிமன்றம் குற்றவாளி என்றாலோதான் புள்ளி ஏறும் என்று அதை அமைத்தார்கள். அதாவது உடனே கட்டும் யோக்கியனுக்குப் புள்ளி. கட்டாமல் திரிபவனின் ஏடு பளிச்சென்று வெள்ளை. கும்பகோணத்தில் சுவர் ஏறிக் குதித்தவனை விட்டுவிட்டு, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டவனை முட்டி போட வைத்த கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார் அவருக்கு.

சித்தப்பா மகன் புலம்பிய வகுப்புச் சமாச்சாரம் பிரிட்டனில் அமைச்சர் வரை போயிருக்கிறது. மொரிஷியஸ் தமிழ்த் தாயின் மகளான சுவெல்லா பிரேவர்மன் 2022-இல் தலைமை வழக்குரைஞராக இருந்தபோது வேகக் கேமராவில் சிக்கினார். பிறகு உள்துறை அமைச்சரானதும், மற்றவர்களோடு உட்காராமல் தனியாக வகுப்பு எடுத்துக்கொள்ள முடியுமா என்று அரசு அதிகாரிகளிடம் விசாரித்தார் என்று 2023 மே மாதம் பெரிய அமளி. கடைசியில் அபராதம் கட்டி, மூன்று புள்ளியையும் வாங்கிக்கொண்டார். அமைச்சர்களுக்கான நடத்தை விதி மீறப்படவில்லை என்று பிரதமர் ரிஷி சுனக் முடித்துவைத்தார். விதி கிடக்கட்டும். போலீஸ் துறையையே கையில் வைத்திருக்கும் அமைச்சரும் வகுப்பில் முகம் காட்டக் கூச வேண்டியிருந்தது என்பதுதான் நம்மவரைக் கவர்ந்தது. கூச்சம் வந்தால்தானே கால் தளரும்? தள்ளுபடியில் கட்டிய சம்மனுக்கு யார் கூசியிருக்கிறார்கள்? லாபம் அடித்த கதையாக அல்லவா அதைச் சொல்கிறோம்.

வகுப்பால் ஆவது ஒன்றுமில்லை என்றும் தள்ளிவிட முடியாது. 2018-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆய்வு பதினான்கு லட்சம் ஓட்டுநர்களின் பதிவுகளை அலசியது. வகுப்புக்குப் போனவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மீண்டும் வேகத்துக்காகப் பிடிபடும் வாய்ப்பு 12 முதல் 23 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், உரிமம் பறிபோகும் அளவில் பாதிப் புள்ளியைத் தொட்டவர்கள் பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பில் தேறினால் நான்கு புள்ளி கழிகிறது. அங்கே கழிவு கிடைப்பது படித்தவனுக்கு.

இரண்டாம் நாள் சித்தப்பா மகனிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது. இம்முறை புலம்பல் இல்லை. இருபது வருடம் லண்டனில் கார் ஓட்டியவருக்கு, வேறு பலகை எதுவும் இல்லாத தெருவில் விளக்குக் கம்பம் வரிசையாக நின்றால் அங்கே முப்பது மைல்தான் என்பது வகுப்பில்தான் தெரிய வந்ததாம். கூடவே ஒரு கணக்கும் அனுப்பியிருந்தார்.

அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு நம்மவர் ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானுக்குப் போனார். தெங்கு கிளானா சாலையில் பசியாறக் காத்திருந்தவர் அவருடைய பழைய அண்டைவீட்டு அண்ணன். கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். கிள்ளான் துறைமுகத்துக்கு முப்பது வருடம் கொள்கலன் லோரி ஓட்டி ஓய்ந்தவர். 2018-இல் ரத்தான சம்மன்களில் அவருடையது நான்கு. அதை இன்றும் லாட்டரி விழுந்த மாதிரித்தான் சொல்லுவார்.

"நான் அப்பவே சொன்னேன்ல தம்பி, அவசரப்பட்டுக் கட்டாதீங்கன்னு. ஊர்க்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் லா."

"சிங்கப்பூர்ல சம்மன் விழுந்தா?"

"அங்க எவன் வேகமா போவான்? பாலம் தாண்டினா காலு தானா லேசாயிடும்."

தே தாரிக் வந்தது. நம்மவர் கைதுடைக்கும் தாளை விரித்துப் பேனாவால் இரண்டு கோடு போட்டார். மேல் கோட்டில் 110-இல் வரும் கார், கீழே 131. இரண்டுக்கும் ஒரே பிரேக்கு, ஒரே இடத்தில் அழுத்துகிறார்கள். 110-இல் வந்தது முழுசாக நிற்கும் அந்தப் புள்ளியில், 131-இல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்?

"இருபத்தொண்ணு தானே கூட. ஒரு இருவது இருக்குமா?"

"எழுபத்தொண்ணு."

அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பினார். வேகம் கூடுவது இருபத்தொன்றுதான் என்றாலும் நிறுத்த வேண்டிய சக்தி வர்க்கத்தில் கூடுகிறது. 131-இன் வர்க்கத்தில் 110-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் எழுபத்தொன்றும் சொச்சமும் வரும். முன்னால் நிற்பது லோரியின் பின்பக்கம் என்றால், 110-காரர் மூச்சு விட்டு நிமிரும் இடத்தில் 131-காரர் மணிக்கு 71 கிலோமீட்டரில் போய் மோதுவார். ஈப்போவிலிருந்து இருநூறு கிலோமீட்டரையும் அந்த வேகத்திலேயே ஓட்டினாலும் மிச்சமாவது பதினேழு நிமிடம். பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் தேடி அன்று அவர் சுற்றியது அதைவிட அதிகம்.

"கெரிக்ல அந்தப் பஸ்ஸு" என்றார் அண்ணன், தாளைப் பார்த்தபடியே.

2025 ஜூன் 9 அதிகாலை, ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்த பேருந்து கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் பெயரில் 18 சம்மன்கள் இருந்தன, அதில் 13 வேகத்துக்கானவை என்று போலீஸ் சொன்னது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் சரளைக்கல் லோரி மோதி இறந்திருந்தார்கள். பிறகு கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்படுத்திக் கருவி கட்டாயம் என்ற உத்தரவு அக்டோபரில் அமலுக்கு வரத் தொடங்கியது.

"பதிமூணு தடவை கடுதாசி போச்சு. கடுதாசி வாயைத் திறந்து பேசுமா தம்பி? உன் பின்னால உக்காந்திருக்கிறது யார் வீட்டுப் புள்ளைன்னு கேக்குமா?" அண்ணன் வடையைத் தொடவே இல்லை.

இதை அப்படியே குடும்பக் குழுவில் எழுதினார் நம்மவர். எழுதியது தப்பாகப் போயிற்று. "அப்போ உங்க மலேசியாவும் அவ்வளவுதானா" என்று மாமா ஆரம்பிக்க, "நம்ம ஊரைவிட எவ்வளவோ மேல்" என்று இவர் பாய்ந்தார். பாய்ந்த பிறகுதான் எண்களைப் பார்த்தார். மலேசியச் சாலைகளில் 2023-இல் இறந்தவர்கள் 6,443 பேர். மக்கள்தொகையோடு வகுத்தால் லட்சத்துக்குப் பத்தொன்பது போல. தமிழ்நாட்டில் அதே வருடம் 18 ஆயிரத்துக்கு மேல். லட்சத்துக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு. ஆறு வழிச்சாலை, டோல் சாவடி, தவறாமல் வெட்டும் புல், தலையில் கவசம் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு, இவ்வளவும் சேர்ந்து வாங்கித் தந்த வித்தியாசம் அவ்வளவே. இங்கேயும் இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள்காரர்கள்.

தங்கை விடவில்லை. கும்பகோணம் சாலையில் ஒரு மலேசியத் தமிழர் அடிபட்டு விழுந்தாலும் முதல் 48 மணி நேர மருத்துவத்துக்கு அரசாங்கம் பணம் கட்டும். எந்த ஊர், எந்த நாடு, காப்பீடு இருக்கிறதா என்று கேட்காது என்றாள். உண்மைதான். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அது. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் கோலாலம்பூர் மருத்துவமனையில் சேர்ந்தால் முதலில் கேட்பது முன்பணம் என்பது அவருக்கும் தெரியும். அந்த இடத்தில் அவர் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை, தங்கையோடு சேர்ந்துகொண்டார். சென்னையில் 2023 நவம்பரிலேயே குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான் என்று உத்தரவு போட்டாயிற்று என்று மாமாவுக்கே பாடம் எடுத்தார். அது எத்தனை ஆட்டோவுக்குத் தெரியும் என்று மாமா திருப்பிக் கேட்டதற்கு, சிரிக்கும் பொம்மையை அனுப்பி நழுவினார்.

தள்ளுபடி விஷயத்தில் மட்டும் இந்தியாவைக் காப்பாற்ற அவருக்கு வழியில்லை. 2022-இல் தெலங்கானா இரு சக்கர வண்டிகளின் பழைய அபராதத்தில் 75 விழுக்காட்டைத் தள்ளியது; அடுத்த வருடக் கடைசியில் இன்னும் தாராளமாகி 80 என்றது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் பாதியைத் தள்ளியதும் வசூல் 100 கோடி ரூபாயைத் தாண்டியது. வசூல் சாதனை என்று அதைத் தலைப்புச் செய்தியாகப் போட்டார்கள். படம் ஓடியது போல.

இந்த விவாதம் அடங்கி இரண்டு வாரம் இருக்கும். சாயங்காலம் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் நோக்கி அண்ணனை ஏற்றிக்கொண்டு போனபோது, கோத்தா டாருல் எசான் வளைவைத் தாண்டியதும் அண்ணனுடைய கைப்பேசி அலறியது. திரையில் 'சம்மன்' என்று ஒரே சொல். பதினான்காம் நாளுக்கு அலாரம் வைத்திருக்கிறாராம். புதிதாக ஒன்று விழுந்திருக்கிறது; வேகத்துக்குத்தான்.

"நாளைக்குக் கட்டினா பாதி. நாளன்னிக்கு விட்டா போச்சு லா" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே பணத்தைக் கட்டினார். வாழ்நாளில் காலத்தோடு அவர் கட்டிய முதல் சம்மன்.

"அந்த எழுபத்தொண்ணு?" என்று கேட்டார் நம்மவர்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து தோல்பையை எடுத்து, நான்காய் மடித்த கைதுடைக்கும் தாளை வெளியே இழுத்தார். தே தாரிக் கறையோடு இரண்டு கோடுகள். "பேரனுக்குக் காட்டினேன். புதுசா பி லைசென்ஸ் எடுத்திருக்கான்" என்றவர், பக்கவாட்டில் எட்டி வேகமானியைப் பார்த்தார். "நீங்க இப்ப எவ்வளவுல போறீங்க?"