கொல்லங்கோட்டில் முதற் சோறு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1932ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்த இது, அகலப் பாதையாக மாற்றப்பெற்று 2015இல் மீண்டும் வண்டிகளைக் கண்டது. ஆனைமலை ரோடு கடந்து மீனாட்சிபுரம் வந்துவிட்டால் கேரளம். அடுத்தது மாந்தோப்புகளுக்குப் பெயர்போன முதலமடை. அதற்கடுத்த நிலையமே கொல்லங்கோடு.

இடப்பக்கம் நெல்லியாம்பதி மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கிறது. மழைக்காலமாயின் சீதார்குண்டு அருவி அம்மலையில் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல் தெரியும். கீழே நெல்வயல், வரப்புதோறும் பனை. மலையாளக் கவிஞர் பி. குஞ்ஞிராமன் நாயர் ஆசிரியராகப் பணிபுரிந்த ஊர் இது. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் கலந்து வருகின்றன. மும்பையிலிருந்து வரும் நம்மவர் இங்கே அந்நியராக உணர வேண்டியதில்லை.

இவ்வூர் என் மனைவியின் பிறந்தகம். ஆறு மாதம் நிறைந்த எங்கள் மகளுக்கு அன்னப்பிராசனம் செய்விக்க அண்மையில் அங்கே சென்றிருந்தோம். மலையாளத்தார் இதனைச் 'சோறூண்' என்பர். குருவாயூரில் இது பெயர்பெற்ற வழிபாடு. சடங்கு அரை மணியில் முடிந்தது. மறுநாள் முதல் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்பதே பெரிய கேள்வியாயிற்று. இரண்டு வாரத்தில் என் மனைவி வேலைக்குத் திரும்பவேண்டும். பகலில் குழந்தை பிறர் கையில் உண்ணவேண்டும். எடையும் முந்தைய இரு மாதங்களில் போதிய அளவு ஏறவில்லை. ஆகையால் இது வெறும் வழக்கத்தைப் பற்றிய விவாதமாக இருக்கவில்லை.

மும்பையில் அண்டை வீட்டார் டப்பா மாவைச் சொல்லியனுப்பினர். என் மாமியாரோ குன்னன் வாழைக்காயைத் தோல் சீவி, மெல்லியதாக நறுக்கி, வெயிலில் உலர்த்தி, இடித்துத் துணியில் சலித்து முன்பே வைத்திருந்தார். "மாப்பிள்ளை, டப்பாவுக்குள் என்ன இருக்கிறதோ நமக்குத் தெரியாது. இது என் கண்ணெதிரே காய்ந்தது. உங்கள் வீட்டுக்காரியும் இதைத் தின்றுதான் வளர்ந்தாள்" என்றார். இதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று.

இதற்குள் பக்கத்து அங்கன்வாடி ஆசிரியை வந்தார். கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியே 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' என்னும் மாவு வழங்கப்படுகிறது. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்த இதனைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தயாரிக்கின்றன. அவ்வம்மையார் வாழைக்காய்ப் பொடியைக் குறைகூறவில்லை. "நல்லதுதான் அம்மா, ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து. ஆறு மாதத்துக்குமேல் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. பயறோ பருப்போ கூட்டுங்கள்" என்றார். கூவைப்பொடிக் கஞ்சியைப் பற்றியும் அவர் கருத்து இதுவே.

மாமியார் சற்று யோசித்தார். "பயறு கூட்டினால் போதுமே, அதிலென்ன கஷ்டம்?" என்று சொல்லி அன்று மாலையே பாசிப்பயற்றை வறுக்கத் தொடங்கினார். வழக்கும் முடிந்தது.

நம் முன்னோர் அறியாதவரல்லர். ஆறாம் மாதத்தில் எளிய உணவு தொடங்கலாம் என்பது சுசுருதர் காலத்துக் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பின்னர் தாய்ப்பாலோடு உணவு என்றே கூறுகிறது. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளை. முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டியே போதும். கூழ் கரண்டியிலிருந்து ஒழுகாத பதத்தில் இருக்கவேண்டும். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையுமேயன்றி உடல் தேறாது. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. குழைத்த சோறும் பருப்பும், மசித்த கீரை, பூசணி, முட்டை உண்பவர்க்கு முட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியிட்டுச் சேர்த்தால் எது ஒவ்வவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒரு வழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். குழந்தையின் நாவில் தேன் தடவுவது நம் வீடுகளில் உண்டு. ஒரு வயது நிறையுமுன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்கிருமி வித்துக்கள் இளங்குடலில் நஞ்சை உண்டாக்கவல்லன. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டா என்றும் மருத்துவர் கூறுகின்றனர். முழு நிலக்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்தே தருக.

டப்பா உணவு நஞ்சன்று. அவற்றுட் பலவற்றில் இரும்புச்சத்துச் சேர்த்திருக்கிறார்கள், பிரயாணத்திலும் உதவும். எனினும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடைசெய்திருப்பது எதனால் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அச்சத்தால் வாங்காமல், தேவையறிந்து வாங்குவதே முறை.

எங்கள் மகள் முதல் நான்கு நாள் கரண்டியைத் துப்பினாள். "கட்டாயப்படுத்தாதீர்கள், பசி அவளுக்குத் தெரியும்" என்று மாமியார் தடுத்தார். ஐந்தாம் நாள் வாய் திறந்தாள். நாங்கள் புறப்படும்போது மூன்று தகர டப்பாக்கள் எங்களோடு ரயிலேறின: வாழைக்காய்ப் பொடி ஒன்று, கேழ்வரகு ஒன்று, வறுத்த பயற்றுமாவு ஒன்று. மும்பையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு அளவையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சென்ற மாத நிறுவையில் எடை ஏறியிருக்கிறது.

ஊரை விட்டு வந்த நமக்குப் பாட்டிமாரின் கை எட்டுவதில்லை. அவர்கள் செய்வதைக் கேட்டறிந்து, மருத்துவர் சொல்லோடு ஒப்பிட்டு, நல்லதைக் கொள்வோம். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் இளந் தாய்மார்கள் இதனைக் கேட்டெழுதிவர ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வார்களாக.