குரல் கிடைத்த கிதார்

"யாருடா ஊதுகிறார்கள்? ரொம்ப நன்றாயிருக்கிறதே!" என்றாள் அம்மா, இசைத்தட்டைக் கேட்டுவிட்டு.

"ஊதவில்லை அம்மா, கிதார்!" என்றேன். அவள் நம்பவில்லை.

நம்பாததில் தவறில்லை. அந்நாளைய ஜாஸ் கோஷ்டிகளில் கிதார்க்காரர் பாடு பரிதாபம். டிரம்பெட்டும் டிரம்மும் முழங்கும்போது, பாவம், தாளத்துக்குத் தந்தியைத் தட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான்!

1936-ல் அமெரிக்காவில், கலமஸூ நகரத்துக் கிப்ஸன் கம்பெனியார் 'இ.எஸ். 150' என்ற மின்சாரக் கிதாரை வெளியிட்டார்கள். வயிறு பழைய கிதாரைப் போல வெறும் கூடுதான். ஆனால் தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும்! எஃகுத் தந்தியின் அதிர்வு மின்சாரமாகி, ஒலிபெருக்கியில் நாதமாயிற்று.

அந்தக் கிதாருடன் 1939-ல் பென்னி குட்மன் கோஷ்டியில் சேர்ந்தார் சார்லி கிறிஸ்டியன். கண்ணிழந்த சங்கீதக்காரர் ஒருவரின் பிள்ளை. ஸாக்ஸபோனுக்குச் சரியாசனத்தில் கிதாரை உட்கார வைத்தார். இரண்டு வருஷம் நிறையவில்லை. க்ஷயம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1942 மார்ச்சில் காலமானார். வயது 25. அந்தக் காந்தச் சுருளை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

கதையைக் கேட்ட அம்மா சற்று நேரம் பேசாதிருந்தாள்.

"இன்னொரு தரம் வையேன், அந்தப் பிள்ளை வாசித்ததை" என்றாள்.