பழைய கம்பியூட்டரை இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன்...

அக்குறணையில் ஒரு நானா வீட்டில் வின்டோஸ் 98 கம்பியூட்டர் ஒன்று. மஹல்லா ஜனாஸா சங்கத்தின் பழைய அங்கத்தவர் பட்டியல் அதில் மட்டும்தான் இருக்கிறது. கொப்பி வெள்ளத்தில் போய்விட்டது. யாரோ விஜிஏ காட் ஒன்றைச் செருகியதிலிருந்து திரை கறுப்பு. "கண்டியில ரெண்டு கடையிலயும் வீசச் சொல்லிட்டாங்க சேர்" என்றார்.

இதற்கெல்லாம் வீசுவார்களா!

மதர்போர்டிலேயே ஒரு டிஸ்ப்ளே இருக்கிறது, செருகிய காட் இன்னொன்று. இரண்டும் மோதியிருக்கின்றன. கரண்டைப் பிடுங்கி, காட்டைக் கழற்றி, மொனிட்டர் வயரை மதர்போர்டில் கொழுவினோம். எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் போய், டிவைஸ் மெனேஜரில் அந்தக் காட்டின் டிரைவரை அழித்தோம். படம் வந்தது. வெறும் 640க்கு 480, 16 நிறம். பட்டியல் வாசிக்க அது போதும்.

காட் கட்டாயம் தேவையென்றால் பயாஸில் எந்த டிஸ்ப்ளே முதலில் எழும்ப வேண்டும் என்ற தெரிவை மாற்றுங்கள். ஏஜிபி காட்டின் வெட்டு பொருந்தாவிட்டால் அழுத்திச் செருகாதீர்கள். 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு, போர்டே போய்விடும்.

பென்டிரைவ் அதில் வேலை செய்யவில்லை, பிளொப்பியில்தான் எடுத்தோம். இன்னொன்று: பட்டியல் பாமினியில் அடித்தது. பாமினி இல்லாத கம்பியூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழுதாகிவிட்டதென்று அழித்துவிடாதீர்கள், யுனிகோடுக்கு மாற்றலாம்.