கவரிங் மோதிரம்

நம் முன்னோர் வீரத்தின் அடையாளத்தைக் காலில் அணிந்தனர், கழல் என்றனர். அமெரிக்கக் கண்டத்தார் அதனை விரலில் அணிகின்றனர். அங்கே என்.பி.ஏ. எனப்படும் கூடைப்பந்துச் சங்கத்தின் கோப்பையை வெல்லும் அணியினர்க்கு, அடுத்த பருவத்தின் தொடக்க நாளில், பெயர் பொறித்த மோதிரம் வழங்கப்பெறுகிறது. பில் ரஸ்ஸல் என்னும் பெருவீரர் பாஸ்டன் அணிக்காக ஆடிய 13 பருவங்களில் 11 முறை வாகை சூடினார். மோதிரங்கள் பதினொன்று, விரல்களோ பத்து! 1957-இல் அவர் பெற்ற முதல் மோதிரம் 2021-ஆம் ஆண்டு ஏலத்தில் 7 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

அந்த விலைக்கு எளிய ரசிகர் எங்கே போவார்? அவருக்காகப் பிறந்தவையே மாதிரி மோதிரங்கள். மலிவான கலப்பு உலோகத்தை வார்த்து, பொன்முலாம் பூசி, வைரம் இருக்குமிடத்தில் கண்ணாடிக் கல் பதித்து, அழகிய பெட்டியில் வைத்து விற்கின்றனர். மோதிரம் வழங்கும் நாளில் அரங்கிற்கு வருவோர்க்கு இத்தகையதை இலவசமாகத் தரும் அணிகளும் உண்டு.

டொராண்டோவில் பணிபுரியும் எங்கள் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்தான். 2019 ஜூன் திங்களில் அவ்வூர் ராப்டர்ஸ் அணி பெற்ற வெற்றியின் நினைவு அது. அமெரிக்க நாட்டுக்கு வெளியேயுள்ள அணியொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. எங்கள் தாயார் மோதிரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஏனப்பா, இது கவரிங்தானே?" என்றார்.

"ஆமாம் பாட்டி, கவரிங்தான். தங்கமென்று சொல்லி யாரும் எனக்கு விற்கவில்லை."

மோதிரத்தின் பக்கவாட்டில் லெனர்ட் என்று பொறித்திருந்தது. அவ்வாண்டு இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் கவாய் லெனர்ட். கோப்பை வென்ற மறு திங்களே அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அணியொன்றில் சேர்ந்துவிட்டார். தமக்குரிய மோதிரத்தைப் பெற்றுக்கொள்ளவும் டிசம்பரில் எதிரணி வீரராகத்தான் டொராண்டோவுக்கு வந்தார். அவர் பெயரை விரலில் மாட்டிக்கொண்டவனோ பனியிலும் இரவுப் பணியிலும் அந்த ஊரிலேயே இருக்கிறான். அப்படியானால் ஊர் யாருடையது என்று நாங்கள் வேடிக்கையாகக் கேட்டோம். அவன் சிரிக்கவில்லை.

"ஆடியவன் எவனோ; உனக்கு எதற்கு மோதிரம்?" என்றார் தாயார். இக்கேள்வியின் இன்னொரு வடிவம் நமக்குப் பழக்கமானதே. முப்பது ஆண்டு ஒரு நகரில் வாழ்ந்து, பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்து, அவ்வூர்த் திருவிழாவுக்குச் சந்தாவும் கொடுத்தபின், "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கப்படுகிறோம் அல்லவா?

அவன் விடையாகச் சொன்னது நவ் பாட்டியாவின் கதை. 1984-இல் இந்தியாவை விட்டுக் கனடாவில் குடியேறிய சீக்கியர்; பொறியியல் படித்தும் அதற்கேற்ற வேலை கிட்டாமல் கார் விற்பனையாளராகத் தொடங்கியவர். ராப்டர்ஸ் அணி 1995-இல் ஆடத் தொடங்கிய நாள்தொட்டுக் கோப்பை வென்றது வரை, உள்ளூரில் நடந்த ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. அவற்றுள் தோல்விகளே எத்தனை! தோற்கும் அணியைக் காண ஆண்டுக்கு நாற்பது நாள் செல்வது எளிய விரதமன்று. 2019 அக்டோபரில், 650-க்கும் மேற்பட்ட வைரங்கள் பதித்த மோதிரங்களை அணியினர் பெற்ற விழாவில், அவருக்கும் உண்மையான வெற்றி மோதிரம் வழங்கினர். என்.பி.ஏ. வரலாற்றில் ரசிகரொருவர் அவ்வாறு பெற்றது அதுவே முதல்.

"அவர் ஒரு நாளும் ஆடவே இல்லையா?" என்று தாயார் மறுபடியும் கேட்டார். இல்லை என்றான். தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மோதிரத்தை அவன் கையில் கொடுத்து, வியர்வை பட்டால் முலாம் போய்விடும், பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வை என்றார்.