கடல் காணாத மாத்தளையில் வாடைக்கால மீன்பிடி

நாலாபுறமும் கடல் சூழ்ந்த இலங்கைத் தீவிலே, கடற்கரை என்பதையே அறியாத மாவட்டங்களும் சில உள. அவற்றுள் ஒன்று மாத்தளை. மாத்தளை என்றதும் மிளகும் கராம்பும் கொக்கோவும் மணக்கும் தோட்டங்களும், முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் தேர்த் திருவிழாவும், தம்புள்ளைக் குகைக் கோயிலும், சிகிரியாக் குன்றும் நம் நினைவுக்கு வருமேயன்றி, வலையும் வள்ளமும் வருவதில்லை. ஆயினும், மார்கழி மாதத்து விடியற்காலையிலே கண்டலமக் குளத்தங்கரையில் நிற்பவர், வெண்புகை போன்ற பனிப்படலத்தினூடே வள்ளங்கள் ஒவ்வொன்றாய்க் கரை சேர்வதைக் காண்பர். கடலில்லா நாட்டில் நடைபெறும் இம்மீன்பிடித் தொழில் நாம் அறிந்துகொள்ளத் தக்கதொன்றாகும்.

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் மாத்தளை நகரம் வரும். 1880ஆம் ஆண்டிலே இங்கு வந்து சேர்ந்த புகையிரதப் பாதை இன்றும் இந்நகரோடு முடிந்துவிடுகிறது. அப்பால் வீதி ஒன்றே வழி. நாலந்தையைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல மலைகள் பின்வாங்குகின்றன. காற்றிலே ஈரம் குறைகிறது. குளங்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. மாத்தளையிலிருந்து தம்புள்ளை இன்னுமொரு 46 கிலோமீட்டர். தென்பாதி குளிர்ந்த மலைநாடு, வடபாதி குளங்களை நம்பிய வரண்ட நாடு என இரு முகங்கள் கொண்டது இம்மாவட்டம்.

இவ்வீதி நம்மவர்க்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவினின்றும் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாய் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சி வந்தோரிற் பலர்க்கு மன்னாரிலே கண்ட கடலே கடைசியாகக் கண்ட கடலாயிற்று. அதன் பின்னர் அவர்களின் அடுப்பங்கரைக்குக் கடல் கருவாடாகவும் நெத்தலியாகவும் மாசியாகவுமே வந்து சேர்ந்தது.

இனி, வாடைக்காற்றின் வேலையைப் பார்ப்போம். கார்த்திகை தொடங்கி தை வரை வங்காள விரிகுடாவிலிருந்து வாடை வீசுகிறது. தம்புள்ளைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருகோணமலைக் கடல் இம்மாதங்களில் கொந்தளிக்கும். கரைவலைகள் உலர்ந்து கிடக்கும். அமைதியான மாதங்களிலே நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தங்கும் மீனவர், காற்று மாறியதும் தம் ஊருக்குத் திரும்பிவிடுவர். மேற்குக் கரை மீன் மாத்தளைக்கு வருவதுண்டு. ஆனால் அது மலையேறி வரும்போது விலையும் கூடவே ஏறிவிடுகிறது.

கடலைக் கலக்கும் அதே வாடைதான் மாத்தளையின் வடபாதியிலுள்ள குளங்களை நிரப்புகின்றது. கண்டலம, தேவஹுவ, வெமெடில்ல முதலிய குளங்கள் இம்மழையையும், மலையிலிருந்து திருப்பிவிடப்பட்ட மகாவலி நீரையும் பெறுகின்றன. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி நதி மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமான சுரங்க வழியாக உக்குவளைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நீர் அங்கு மின்சாரம் பிறப்பித்துவிட்டு, போவத்தன்னையில் மீண்டும் பிரிந்து வடக்கு வயல்களை நோக்கிப் பாய்கிறது. அம்பன் கங்கையை மறித்த மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினர். பழைய குளமும் புதிய நீர்த்தேக்கமும் சேர்ந்து, கடலில்லாத மாவட்டத்திற்கு ஒருவகை உள்நாட்டுக் கடலைத் தந்துள்ளன எனலாம்.

இக்குளங்களிலே அகப்படும் மீன்களில் முதலிடம் பெறுவது திலாப்பியா. இது நம் நாட்டு மீனன்று. தென்கிழக்கு ஆபிரிக்காவின் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழ்ந்த இம்மீனினம் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆற்று நீரும் உவர் நீரும் இதற்கு ஒன்றே; கடல்நீரையும் தாங்கி வாழ வல்லது. விரால், கெளுத்தி முதலிய நம் நாட்டு மீன்கள் இருந்தும், பரந்து விரிந்த தேங்குநீரின் நடுப்பகுதியை முற்றாகப் பயன்படுத்தும் இனங்கள் நம்மிடையே மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பியது. ஆண் மீன் ஆழமற்ற கரையோரத்தில் சேற்றைக் குடைந்து வட்டமான குழி அமைக்கும். பெண் மீன் முட்டைகளைத் தன் வாயினுள் வைத்தே பொரிக்கச் செய்து, ஆபத்து நேரும்போது குஞ்சுகளுக்கும் வாயையே அடைக்கலமாய்த் தரும். மாணவர்கள் நேரிற் கண்டு வியக்கத்தக்க காட்சி இது.

கட்லா, ரோகு, மிரிகால் என்னும் இந்தியக் கெண்டைகளின் நிலை வேறு. ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இயல்பினவாதலால், தேங்கிய குளத்தில் அவை தாமாகப் பெருகுவதில்லை. தம்புள்ளையிலுள்ள மீன் இனவிருத்தி நிலையத்திலே தாய் மீன்களுக்கு ஊசிமருந்து செலுத்தி முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்துக் குளங்களில் விடுகின்றனர்.

மீனவரின் நாள் மாலையிலே தொடங்குகிறது. பக்கத்தில் மிதவை பூட்டிய ஒடுங்கிய வள்ளம். துடுப்பே அதன் இயந்திரம். வள்ளத்திற்கு இருவர். பொழுது சாயும்போது செவுள் வலையை நீரில் இறக்கிவிட்டு, விடியுமுன் சென்று தூக்குவர். தம்புள்ளையின் மார்கழிக் குளிர் சீத நாட்டாருக்குக் குளிராகவே தோன்றாது. ஆனால் இடுப்புவரை நனைந்த சாரத்தோடும் தலையிற் சுற்றிய துவாயோடும், எதிர்வாடையில் துடுப்புப் போடுபவனுக்கு அது எலும்பைத் தொடும் குளிர். கரையில் அவனுக்காகக் காத்திருப்பது வெறுந்தேநீரும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியுமே. இருளில் முதலையையும், கரைக்கு நீரருந்த வரும் யானையையும் அவன் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

நீரின்மீது எழும் பனிமூட்டத்திற்கும் காரணமுண்டு. பகல் வெயிலிற் சூடேறிய குளநீர் இரவில் மெல்லவே குளிர்கிறது. அதன்மேல் நிற்கும் காற்றோ விரைவில் குளிர்ந்துவிடுகிறது. நீரிலிருந்து எழும் ஆவி அக்குளிர்ந்த காற்றிற் பட்டதும் நுண்டுளிகளாகிப் புகைபோற் பரவுகிறது. நீர் ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் திலாப்பியா மாண்டுபோகும். மாத்தளைக் குளங்கள் ஒருபோதும் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே இங்கு குளிர் மீனுக்கன்று, மனிதனுக்கே.

“குளம் நிறைந்தால் வயற்காரனுக்குச் சிரிப்பு, எங்களுக்குக் கவலை, மாத்தயா” என்றார், வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், சிங்களம் கலந்த தமிழில். அவர் கூற்றில் உண்மை உளது. நீர் வற்றிய ஆடி ஆவணி மாதங்களில் மீன்கள் நெருங்கி வாழும், வலை கனக்கும். குளம் நிறையும் வாடைக்காலத்திலோ, மூழ்கிய புல்வெளி எங்கும் அவை சிதறிப்போகும். கடல் மீன் அருகி, குளத்து மீனைச் சனங்கள் தேடும் வேளையிலேதான் வலை வெறுமையாய் வருகிறது.

இவ்வேளையிலேதான் சிறுகண் வலை மீனவனை அழைக்கின்றது. கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த வலையைக் குளத்தில் விரிக்கலாகாது என்பது சட்டம். இளமீன் தப்பி வளர்வதற்காகவே அவ்விதி. புதிதாய் மூழ்கிய புற்கரையே குஞ்சுகளின் தொட்டில். அதிலே நெருங்கிய வலையை வீசுபவன் இன்றைக்கு நாலு சிறுமீன் பெறுவான். ஆடி மாதத்தில் அவனும் அவன் அயலானும் வெறுங்கையராய் நிற்பர். குளத்து மீனவர் சங்கங்களின் கட்டுப்பாடு எவ்வளவு அவசியமென்பது இதனால் விளங்கும்.

கட்டுப்பாடு தளர்ந்தால் யாது நேரும் என்பதை நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. உயிர்க்கொலையை வெறுக்கும் பௌத்த மதத்தவரின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து, 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. அந்த அறநோக்கு மதிக்கத்தக்கதே. ஆயினும் மீன்பிடி நின்றுவிடவில்லை. குஞ்சு விடுவதும் மேற்பார்வையுமே நின்றன. சிறுகண் வலைகள் பெருகின. சில ஆண்டுகளில் உற்பத்தி பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. 1994இல் ஆதரவு மீண்டது. 1999இல் தேசிய நீர் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இயங்கத் தொடங்கியது.

இதன் பயன் யாருக்கு என வினவுவோர் மாத்தளையின் தோட்டத்து லயங்களுக்குச் சென்று பார்க்கலாம். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒலி எழுப்பிக்கொண்டு வந்து நிற்கிறது.

“அண்ணே, கடல் மீனா, குளத்து மீனா?”

“குளத்து மீன் தங்கச்சி. இன்னைக்கு விடியக்காலைதான் பிடிச்சது. கடல் மீன் விலை உங்களுக்குத் தெரியாததா?”

கொழுந்து பறித்து வந்த தாய் இரண்டு மீனை நிறுத்து வாங்குகிறாள். கருவாட்டுத் துண்டொன்றைப் பலருக்குப் பங்கிட்ட வீட்டிலே, அன்றிரவு பிள்ளைகளின் பீங்கானில் புதுமீன் குழம்பு விழுகிறது. மிளகும் கொறுக்காய்ப் புளியும் இட்டுச் சுண்டவைத்தால் குளத்து மீனின் சேற்று வாடையும் ஓடிவிடும் என்பது அவ்வீட்டாரின் அனுபவம்.

வடக்கு நோக்கிப் பயணஞ் செய்யும் அன்பர்கள் சிகிரியாவையும் தம்புள்ளையையும் கண்டு திரும்புவது வழக்கம். அடுத்த முறை ஒரு நாள் முன்னதாக எழுந்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கண்டலமக் கரையிலே கதிரவன் உதிக்குமுன் நின்று பார்க்க. வள்ளத்திலிருந்து இறங்குபவரின் வலைக்கண்ணை அளந்து பார்க்கச் சொல்லி ஒரு மாணவனிடம் அளவுகோலைக் கொடுத்தாலும் நன்று. கண் பெரிதாயிருந்தால், அக்குளத்திலே அடுத்த ஆண்டும் மீன் இருக்கும்.