ஒரு செம்புத் தண்ணீர்

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பிள்ளையின் நிறையைக் கேட்பார்கள். பிறகு, மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று சாயல் பார்ப்பார்கள். பெற்றவளிடம் "சாப்பிட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிறிய கேள்வியின் பெறுமதியை இந்த வருடம் பருத்தித்துறையில் எங்கள் வீட்டிலேயே கண்டேன். உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் அதன் காரணங்களையும் தேடிப் படித்தேன். நாளை தாய்மாராகப் போகும் எங்களுக்கும், இன்று எங்களை வளர்க்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா பள்ளிக்கூட நாட்களில் வலைப்பந்து ஆடியவர். மூத்த பிள்ளை பிறந்து நான்கு மாதமானதும், மாலை நேரத்தில் கடற்கரை வீதியில் வேகமாக நடக்கத் தொடங்கினார். "என்ட உடம்பு எனக்கே புதுசா இருக்கு தங்கச்சி. நடந்தாத்தான் மனசு லேசாகுது" என்றார். ஐந்தாம் நாள் நடந்து முடித்து வந்தவர், வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "கண் இருட்டுது" என்று சொன்னது மட்டும்தான் கேட்டது. மதிலோடு சரிந்துவிட்டார். உம்மா ஓடிவந்து அவரைப் படுக்கவைத்து, கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தார். ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்தார். அந்த நேரம் பிள்ளை அவர் கையில் இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு வீட்டில் பல தீர்ப்புகள் சொல்லப்பட்டன. "பச்சை உடம்புக்காரிக்கு என்ன நடை?" என்றார் ஒருவர். "பால் குடுத்துக் குடுத்து உடம்பு வத்திப் போச்சு, மாப்பாலுக்கு மாத்துங்க" என்றார் இன்னொருவர். ஒருவர் தாத்தாவின் நடையை நிறுத்தப் பார்த்தார், மற்றவர் பிள்ளையின் பாலை நிறுத்தப் பார்த்தார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. பிள்ளையை அணைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். நாங்கள் 'மிஸ்' என்றுதான் அழைப்போம். பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது இலங்கையின் பொதுச் சுகாதார சேவை எங்களுக்குத் தந்திருக்கும் பெரிய கொடை. அவர் தாத்தாவைப் படுக்கவைத்து ஒரு தடவையும், எழுந்து நிற்கச் சொல்லி ஒரு தடவையும் பிரஷர் பார்த்தார். நின்றபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது. பிறகு கேட்டார்: "காலையில என்ன சாப்பிட்டனீங்கள், பிள்ளை? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்? இரும்புச்சத்துக் குளிசை போடுறீங்களோ?"

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளை காலையில் அழுவதால் பத்து மணி வரை சாப்பாடு இல்லை. "கண்டபடி தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்" என்று உம்மம்மா சொன்னதால் தண்ணீரும் அளவாகத்தான். குளிசை போடுகிறார், ஆனால் தேநீரோடு. மிஸ் அவரை எம்.ஓ.எச். கிளினிக்குக்கு அனுப்பினார். குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 9.8 என்று வந்தது. கருவுறாத பெண்ணுக்கு அது 12க்குக் கீழே போனாலே குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

உடலின் கணக்கைப் பார்த்தால் அவர் மயங்கியதில் புதுமை எதுவும் இல்லை. முதல் ஆறு மாதங்களில் ஒரு தாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லீற்றர் பால் சுரக்கிறாள். அந்தப் பாலில் 87 வீதம் தண்ணீர். அதைச் சுரக்க அவளுக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாக வேண்டும். பிரசவத்தின்போது குருதி வெளியேறுகிறது, அதனோடு இரும்பும் போகிறது. இரவில் பல தடவை எழும்புவதால் தூக்கமும் உடைகிறது. போகிற தண்ணீரும் உணவும் இரும்பும் திரும்பி வராவிட்டால் உடல் எதை வைத்துச் சமாளிக்கும்?

இதனோடு நடையும் சேர்கிறது. நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்து, நாளங்களிலுள்ள குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. வெயிலாலும் உழைப்பாலும் விரிந்திருக்கும் குருதிக் குழாய்களில், குருதி கால்பக்கமாகத் தேங்குகிறது. குனிந்து நிமிரும் கணத்தில் மூளைக்குப் போதிய குருதி போய்ச் சேர்வதில்லை. கண் இருள்கிறது, காது அடைக்கிறது, ஆள் விழுகிறாள். உடலில் தண்ணீர் குறைந்திருந்தால் இது இன்னும் எளிதில் நடக்கும்.

ஆகவே நடையும் குற்றவாளி இல்லை, தாய்ப்பாலும் குற்றவாளி இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வேறு தடை இல்லாத பெண்கள் படிப்படியாகத் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. மிதமான பயிற்சியால் பால் வற்றுவதுமில்லை.

இதையெல்லாம் நான் உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் புத்தளத்துக்குப் போனவர். அடுத்த வருடம் அங்கே முகாமில்தான் சாச்சி பிறந்தார். "எனக்கு நாப்பதும் இல்லை, பத்தும் இல்லை மகள். பதினஞ்சாம் நாள் வாளியத் தூக்கிக்கிட்டுத் தண்ணி வரிசையில நிண்டன். வாளி நிறையறதுக்கு முந்தி விழுந்துட்டன். அண்டையிலருந்து, என்ட பிள்ளையளுக்கு அந்தக் கதி வரக்கூடாது, நாப்பது நாளும் அசையவே விடக்கூடாது எண்டு நினைச்சுக்கிட்டன்."

உம்மம்மாவின் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் இருந்தது அன்பும் அச்சமும்தான் என்று அப்போது புரிந்தது. ஓய்வு வேண்டும் என்பதில் அவர் சொன்னது சரி. தண்ணீரைப் பற்றித் தம் உம்மாவிடம் கேட்டதை மட்டும் அன்றே விட்டுவிட்டார். அடுத்த நாள் முதல் தாத்தா பாலூட்ட உட்காரும் போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பவர் உம்மம்மாதான்.

எங்கள் மார்க்கமும் இந்த உடலை அறிந்தே பேசுகிறது. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் பாலூட்டும் தாய்க்கு, ரமழான் நோன்பையே பிற்படுத்தும் சலுகை இருக்கிறது. ஒரு ஃபர்ளையே பிற்படுத்தும் அளவுக்கு அவள் நிலை மதிக்கப்படும்போது, ஒரு கோப்பைத் தண்ணீரை நாங்கள் ஏன் அளந்து கொடுக்க வேண்டும்?

இந்த மண்ணிலும் அதற்கொரு பாடம் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டுவது தமிழரின் பழைய வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர்கள், பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாறலாம். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இருபக்கமும் திண்ணை அமைத்த தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்கு நிழல் கட்டிய ஊரில், பெற்றவள் ஒருத்திக்கு அவள் வீட்டிலேயே இளைப்பாற இடம் வேண்டாமா?

மிஸ் சொன்னபடி எல்லாம் மாறியது. குளிசையைத் தேநீரோடு போடாமல், தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டார். தேநீர் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும், தேசிக்காயிலுள்ள விற்றமின் சி உறிஞ்ச உதவும். முருங்கையிலை, பயறு, நெத்தலி, பாற்சுறா வறை எல்லாம் அடிக்கடி சமையலில் வந்தன. கிளினிக்கில் கிடைத்த திரிபோஷா காலைச் சாப்பாடு பிந்தும் நாட்களில் கைகொடுத்தது. மூன்று வாரம் கழித்து, வைத்தியர் சரியென்று சொன்ன பிறகு, பத்து நிமிட நடையோடு மீண்டும் தொடங்கினார். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, பிறகே நின்றார். அந்த நேரம் பிள்ளை வாப்பாவின் மடியில்.

தலைசுற்றல் வந்தால் தாய்மார் செய்ய வேண்டியது எளிது. பிள்ளையை உடனே பாதுகாப்பான இடத்தில் கிடத்துங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். நின்ற இடத்திலேயே தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் கால்களை உயர்த்துங்கள். எழும்பும்போது ஆறுதலாக எழும்புங்கள். ஆனால் எல்லா மயக்கமும் தண்ணீரால் தீர்வதல்ல. மயக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ, அதிக குருதிப்போக்கு, நெஞ்சு வலி, மூச்சு முட்டல், படபடப்பு, கடுமையான தலையிடி, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம் போன்றவை இருந்தாலோ, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவுக்கு 2018 ஒக்டோபரில் மகன் பிறந்தான். அவர் 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் மீண்டும் ஆட வந்து, இரட்டையர் பட்டத்தையும் வென்றார். இடையில் சென்றது பதினைந்து மாதங்கள். பயிற்சியையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எடுத்துக்கொண்ட அந்த அவகாசத்தை, எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் கொடுப்போம். தாத்தா இன்னும் வலைப்பந்துத் திடலுக்குத் திரும்பவில்லை. வாப்பா அவருக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறார், அது அவசரமில்லாமல் காத்திருக்கிறது.