மச்சானை அடித்த வழக்கு

படுவான்கரை மீனவர் அவர். ஒரு விடியப்புறம், வாவிக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மச்சானைத் துடுப்பால் அடித்துவிட்டார். தலையில் தையல் போடவேண்டி வந்தது. பொலிஸ் அறிக்கையில் காரணம் வெறி.

"கள்ளு வாயில வைக்காத மனிசன் ஐயா," என்றார் மனைவி. "வெறும் வயித்தோட எழும்பினா ஆளே மாறிருவார். சீனித் தேத்தண்ணி குடுத்தா தெளிஞ்சிருவார்."

வழக்கின் உயிர் அந்தத் தேத்தண்ணியில் இருந்தது. பட்டினியில் தடுமாற்றம், அந்நேரம் இரத்தத்தில் சீனி இறங்கியிருப்பது, சீனி ஏறியதும் தெளிவது ஆகிய மூன்றும் கூடினால் சதையியில் இன்சுலின் சுரக்கும் கட்டியைத் தேடவேண்டும் என்பது அமெரிக்க அறுவைவைத்தியர் அலன் விப்பிள் 1930களில் வகுத்த விதி. என் கட்சிக்காரரான அந்த மீனவரை வைத்தியர்களிடம் அனுப்பினேன். 72 மணிநேரப் பட்டினிச் சோதனையை அவரால் முடிக்க முடியவில்லை. முதல் இரவே சீனி 40க்குக் கீழே போய்விட்டது. அப்போது எடுத்த இரத்தத்தில் இன்சுலினும் சி-பெப்டைடும் உயர்ந்திருந்தன. ஊசி வழியே ஏறும் இன்சுலினோடு சி-பெப்டைட் வராது. சீனி குறைக்கும் மாத்திரையும் உட்கொள்ளவில்லை என்று உறுதிசெய்தார்கள். ஆக, சுரப்பு அவர் உடலுக்குள்ளேயே.

வைத்தியருக்கு வழி காட்டிய அதே அறிக்கை எனக்கு வழியை அடைத்தது. நான் நம்பியிருந்தது 1973ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குயிக் வழக்கு. நோயாளியைத் தாக்கிய நீரிழிவுள்ள தாதி ஒருவரின் மயக்கத்துக்கு வெளியிலிருந்து ஏற்றிய இன்சுலினே காரணம் என்பதால், அது பைத்தியமாகாது என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். காரணம் உள்ளே இருந்தால்? அந்தத் தர்க்கப்படி என் கட்சிக்காரர் சித்தசுவாதீனமற்றவர். எமது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவுக்குள் தள்ளப்படுவார். விடுதலை கிடைத்தாலும் காவலில் வைக்கப்படலாம். கட்டி சுமந்த ஒருவருக்குப் பைத்தியப் பட்டமா? இந்த உள்-வெளிப் பிரிவினை அநீதியானது என்பது இன்றும் என் உறுதியான கருத்து.

அறிக்கையை மச்சானிடமே வாசித்துக் காட்டினேன். "இது வருத்தமெண்டா நான் ஏன் கோட்டுக்குப் போறன்?" என்றார். நீதவான் அனுமதியோடு வழக்கு சமாதானமாக முடிந்தது.

நோய் முடியவில்லை. இத்தகைய கட்டிகளில் பத்தில் ஒன்றளவே புற்றாகும். இவருடையது ஈரலுக்கும் பரவியிருந்தது. கொழும்பில் சதையியின் வால்பகுதியை வெட்டியெடுத்தார்கள். ஈரலில் எஞ்சியதற்கு மாதாமாதம் ஒக்ரியோடைட் ஊசி, சீனி இறங்காமலிருக்க டயசொக்சைட் மாத்திரை. சாதாரண சதையிப் புற்றைவிட இது மெதுவாக வளரும், வருடக்கணக்கில் கட்டுப்படுத்தலாம் என்றார் வைத்தியர். ஊசிக்குக் கொழும்பு போகும் நாட்களில் கூடப்போனவர் மச்சான்தான்.